பை ஒருவர் தோளில், கடன் இன்னொருவர் பேரில்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் லூயி விட்டானுக்கோ டியோருக்கோ கடை கிடையாது. அந்தப் பெயர் பொறித்த கைப்பைகள் மட்டும் கல்லூரிப் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் தென்படுகின்றன. அவற்றுள் பல, ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் போலிகள். சில, வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தவை. இன்னும் சில, பத்தாயிரம் இருபதாயிரம் விலையுள்ள நடுத்தர பிராண்டுகள்; இணையக் கடையில் தவணைக்கு எடுத்தவை. இங்கே பைக்குச் சொல்லப்படுவது ஐபோனுக்கும் பொருந்தும், பையன்கள் கேட்டு அடம்பிடிக்கும் மோட்டார் பைக்குக்கும் பொருந்தும்.

விலையில் பெரும்பங்கு பொருளுக்கு அல்ல, பெயருக்கு. 2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் குழுமத்தின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை ஓராண்டு நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பையைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்கு, தோல் முதலான மூலப்பொருள் செலவு நீங்கலாக, 53 யூரோதான் கிடைத்தது என்பது அந்த விசாரணையில் வெளிவந்தது. இந்த இரு மாவட்டங்களுக்கும் அது தூரத்துச் சேதி அல்ல. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட காலணிப் பூங்காவில், மறு ஆண்டே கிராக்ஸ் காலணி தயாரிப்பு தொடங்கிவிட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அக்கா தொழிற்சாலையில் தைக்கிற பிராண்டையே தங்கை தவணையில் வாங்கும் நிலை இந்த ஊர்களுக்கு இனி புதுமையாக இராது.

பிள்ளைகள் கைக்கு வரும் இந்தப் பொருள்களுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பாதி விடை வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பதை 1903இல் மோகரி பீபி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் உறுதி செய்தது. கல்கத்தாவைச் சேர்ந்த தர்மதாஸ் கோஷ், வயது நிறையுமுன் தன் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்திருந்தார். கடன் கொடுத்த தரப்புக்கு அவர் வயது தெரிந்தே இருந்தது. அடமானம் ரத்தானது, கொடுத்த பணத்தையும் திரும்பப் பெற முடியவில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சிறாரின் வாழ்க்கை நிலைக்கேற்ற இன்றியமையாப் பொருள்களைக் கொடுத்தவர், 68ஆம் பிரிவின்படி அந்தச் சிறாரின் சொத்திலிருந்து ஈடு கேட்கலாம்; சிறாரிடமே நேரடியாகக் கேட்க முடியாது. கைப்பை இன்றியமையாப் பொருளா? இங்கிலாந்தில் 1908இல் தீர்ந்த நேஷ் எதிர் இன்மன் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேம்பிரிட்ஜில் படித்த வயது நிறையாத மாணவர் ஒருவர் லண்டன் தையல்காரரிடம் துணிமணிகள் வாங்கினார். அவற்றில் பகட்டான வெயிஸ்ட்கோட் மட்டும் 11. மகனுக்குத் தேவையான உடைகளைத் தந்தை முன்பே வாங்கிக் கொடுத்திருந்தார். எனவே இவை தேவைப்பொருள்கள் ஆகா என்று சொல்லித் தையல்காரரின் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் விலையில்லாப் புத்தகப்பை கொடுத்திருக்கும் ஊரில், பிராண்டுப் பையை இன்றியமையாப் பொருள் என்று வாதிடுவது இன்னும் கடினம்.

வயதைக் கூட்டிச் சொல்லி வாங்கியிருந்தாலும் ஒப்பந்தம் உயிர் பெறுவதில்லை. ஆனால் கையில் இருக்கும் பொருளையோ, பெற்ற பலனையோ திருப்பித் தரும்படி நீதிமன்றம் சொல்ல இடமுண்டு. பிள்ளை வாங்கிய கடனுக்குப் பெற்றோர் தாமாகவே பொறுப்பாளி ஆவதும் இல்லை; பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலோ, பெற்றோர் சார்பில் பிள்ளை வாங்கியிருந்தாலோதான் பொறுப்பு வரும். கடைக்காரரோ வசூலுக்கு வருபவரோ “பிள்ளை வாங்கினால் அப்பன்தான் கட்டணும்” என்று சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

விடையின் மறுபாதி கடன் கொடுப்பவர்களுக்குத் தெரியும். சிறார் பேரில் கடன் நிற்காது என்பதாலேயே அது வேறொருவர் பேரில் எழுதப்படுகிறது. வீட்டில் அந்த வேறொருவர் பெரும்பாலும் அம்மாதான். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் வீட்டில் அறுவடைக்குத்தான் கையில் காசு வரும். பிள்ளை கேட்பது இன்றைக்கு. இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன: நகையை அடகு வைப்பது, ‘குழு லோன்’ என்னும் நுண்கடன் எடுப்பது. குழுக் கடன் மாட்டுக்கோ கடைக்கோ என்று எழுதப்பட்டு, கைபேசியாகவும் பையாகவும் வீட்டுக்கு வந்துவிடுவதும் உண்டு. டியூ கட்டும் நாளில் பை யார் தோளில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கையெழுத்து யாருடையது என்பதே கேள்வி.

அந்தக் கையெழுத்துக்கும் உரிமைகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 மார்ச் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தருவதே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டல், வசைச்சொல், உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொந்தரவு செய்தல் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க எண் 14448. தனியாரிடம் வாங்கிய மீட்டர் வட்டி, தண்டல் வகைகளுக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது; புகாரைக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். கடன் வாங்கியவரையும் குடும்பத்தையும் வலுக்கட்டாயமாக நெருக்குவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் 2025இல் தமிழ்நாட்டில் வந்தது.

அம்மாவின் தவணை தவறினால் அடி பிள்ளைக்கும் விழும். கல்விக் கடனில் பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளி. அவருடைய சிபில் பதிவில் கறை இருந்தால் வங்கி தயங்கும். பிளஸ் டூ முடிக்கும் ஆண்டில்தான் இது வெளியே தெரியவரும்.

பதின்வயது என்பது 19 வரை. சட்டத்தின் கோடோ அதன் நடுவே, 18இல் கிழிக்கப்பட்டிருக்கிறது. பதினேழரை வயதில் போட்டால் செல்லாத கையெழுத்து, ஆறு மாதம் கழித்துப் போட்டால் முழுதாகச் செல்லும். கல்லூரி முதலாண்டில் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் கையில் வந்துவிடுகின்றன; கடன் செயலிகள் காத்திருப்பது இந்த வாசலில்தான். 12,000 ரூபாய்ப் பைக்கு ‘வட்டியில்லாத் தவணை’ ஆறு மாதம் என்றால் மாதம் 2,000. புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியின் கணக்குக்கு வரும் 1,000 ரூபாயைப் போல் இரண்டு பங்கு அது. வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிச் சொல்லிவிட்டது. வட்டி பரிசீலனைக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி போயிருக்கும்.

செயலிக் கடனில் முதலில் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர். அது இல்லாத செயலி சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. முறையாக இயங்கும் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கடன் கொடுக்கும் முன் மொத்த ஆண்டு வட்டி விகிதம், கட்டணங்கள் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைத் தந்தாக வேண்டும். குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு; அதற்குள் அசலையும் அந்த நாள்களுக்கான செலவையும் கட்டிவிட்டு அபராதமின்றி வெளியேறலாம். கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக் கூடாது. தொட அனுமதி கேட்பதே ஆபத்தின் அறிகுறி. பிற்பாடு உருமாற்றிய படங்களை உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டுவதற்கான கச்சாப்பொருள் அதுதான். அப்படி மிரட்டல் வந்தால் பணம் கட்டிச் சமாளிக்கப் பார்க்காமல், திரைப்பிடிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணிலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்க வேண்டும்.

தவணை கட்ட முடியாத மாணவர்களிடம் வந்து நிற்கும் இன்னொரு வலை, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்தால் சில ஆயிரம் என்பார்கள். யாரோ ஒருவரிடம் ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியே ஓடும். கணக்கு முடங்கும், முதல் விசாரணை கணக்குக்கு உரியவரிடமே நடக்கும். ஒரு பையின் விலைக்காக வழக்கில் பெயர் ஏறுவது இப்படித்தான்.

போலிப் பைக்கு வருவோம். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி, பொய்யான வணிகக் குறியோடு பொருள் விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்குபவரை இந்தப் பிரிவு தொடுவதில்லை. ஆனால் ‘ரீசெல்லர்’ என்று சொல்லி, பாக்கெட் மணிக்காக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு விற்கும் மாணவர்கள், தாம் விற்பனையாளர் ஆகிவிட்டதை அறியாமலே இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

அசல் என்று நம்பி வாங்கியது போலியாக இருந்தால், அல்லது பணம் போய்ப் பொருளே வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தனித்தனி ஆணையங்கள் இருக்கின்றன. விற்றவர் மும்பையில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது பழைய சட்டத்தில் இல்லாத வசதி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சிறாருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ போடலாம். ரசீது, பணம் அனுப்பிய பதிவு, விற்பவரோடு நடந்த உரையாடல், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ ஆகியவை இருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்தது. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று தெரிந்தே வாங்கியவர், அசல் இல்லையே என்று அங்கே வாதிட முடியாது.

வீட்டில் யாரும் வாங்கித் தராத விலையுயர்ந்த பை பிள்ளையின் கையில் இருந்தால், பணம் கொடுத்தவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். பரிசு கொடுத்து நெருங்கி, படம் கேட்டு, பின்பு அந்தப் படத்தை வைத்து மிரட்டுவது பாலியல் சுரண்டலின் பழகிய வழி. பெண்பிள்ளைகள் மட்டுமல்லாமல் ஆண்பிள்ளைகளும் இதில் சிக்குகிறார்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஆபாச நோக்கத்துக்காகச் சிறாரை ஆசை காட்டி இழுப்பதையும் அதற்காகப் பொருளோ பணமோ கொடுப்பதையும் பாலியல் தொந்தரவு என்கிறது. 18 வயதுக்குள் ‘சம்மதித்துத்தான் வாங்கிக்கொண்டாள்’ என்ற எதிர்வாதம் எடுபடாது. இப்படி ஒன்று நடப்பது தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைப்பதும் குற்றம். சிறார் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. பையைப் பிடுங்கிப் பிள்ளையை அடித்து விசாரித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கொடுத்தவருக்கு அதைவிட வசதி வேறில்லை. பை, உறைகள், செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருப்பதே வழக்குக்கு உதவும்.

ஆசையைக் கிளப்புவோருக்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பையைப் புகழும் இன்ஸ்டா பிரபலம், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம், மறுமுறை 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதை 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

வழக்குக்குப் பணமில்லை என்ற தயக்கம் தேவையில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் சிறாருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசி வழி கேட்க எண் 15100.