இடி போல் வரும் தலைவலி

தலைவலி என்றால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. சுக்கை இழைத்து நெற்றியில் ஒரு பற்று. அதற்கும் கேட்காவிட்டால் சூடாக ஒரு டம்ளர் காபி. அதற்கும் மசியாவிட்டால் கடையில் ஒரு மாத்திரை. பெரும்பாலான தலைவலிகளுக்கு இந்த வைத்தியமே போதும். ஆனால் பின்னாலிருந்து யாரோ சம்மட்டியால் அடித்தாற்போல் வரும் தலைவலி ஒன்று உண்டு. க்ஷண நேரத்தில் அது உச்சத்தை எட்டிவிடும். "என் ஆயுளில் இப்படி வலித்ததில்லை" என்பார் நோயாளி. வாந்தி எடுக்கும்; பிடரி விறைக்கும்; சிலர் பேசிக்கொண்டிருக்கையிலேயே பிரக்ஞை இழப்பார்கள். மூளைக்கடியில் ஓர் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்பதற்கு இது அடையாளமாக இருக்கலாம்.

பழைய சைக்கிள் டியூபில் நைந்த இடம் கொப்புளமாக உப்புவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் கிளை பிரியும் இடங்களிலும் சிலருக்கு அப்படி ஒரு புடைப்பு உண்டாகிறது. டாக்டர்கள் அதை அனியூரிஸம் என்கிறார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கக்கூடும். அவர்களில் அநேகர் அதை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள். புகை பிடிப்பதும் இரத்தக் கொதிப்பும் அது வெடிப்பதற்கு வழி செய்கின்றன. புருஷர்களைவிட ஸ்திரீகளுக்கே இவ்வியாதி அதிகம்.

வெடித்தவுடன் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள்ளாகவே இறந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு, கசிந்த இரத்தமே உறைந்து ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பை நம்ப முடியாது. அது மறுபடி திறந்துகொள்ளும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது கசிவு முதலாவதைவிடக் கொடியது. ஆகவே, தலைவலி கண்ட நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றைப் பொருத்தி முதன் முதலாக அதை அடைத்தவர் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரத்து ஸர்ஜன் வால்டர் டாண்டி, வருஷம் 1937. 1990-இல் குக்லியெல்மி என்ற இத்தாலிய டாக்டர், கபாலத்தைத் திறக்காமலே தொடையின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, பிளாட்டினக் கம்பிச் சுருளால் புடைப்பை நிரப்பும் முறையைக் கொண்டு வந்தார். இரு முறைகளுக்கும் ஏற்ற 2,143 நோயாளிகளைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. ஒரு வருஷத்துக்குப்பின் இறந்தோரும், பிறர் உதவியின்றி வாழ முடியாதோரும் கிளிப் போட்டவர்களில் நூற்றுக்கு 30.6, சுருள் வைத்தவர்களில் 23.7. சுருளுக்கு இணங்காத புடைப்புகளும் உண்டாகையால், கிளிப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நம் நாட்டில் மூளை ரண சிகிச்சைக்கென்று முதல் பகுதியை வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மறு வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி அந்தப் பணியை ஆரம்பித்தார். இன்று மதுரையிலும் கோயமுத்தூரிலும் இத்துறை ஸர்ஜன்கள் இருக்கிறார்கள். "எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் நடக்கவேண்டும்" என்று ஒவ்வோர் ஊராரும் ஆசைப்படுவது நியாயந்தான். தெரியாத பட்டணத்தில், வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருப்பதன் கஷ்டம் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இது கை பழகவேண்டிய வேலை. வருஷத்துக்குப் பத்துக்கும் குறைவாக இந்த நோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிகள், 35-க்கு மேல் பார்க்கும் இடத்துக்கு அவர்களைச் சீக்கிரம் அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டுமென்று அமெரிக்க இருதய சங்கம் 2012-இல் யோசனை கூறிற்று. இங்கே வகுப்பில் போடுவதுபோல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலக சராசரி, லக்ஷம் பேருக்கு வருஷத்தில் சுமார் ஆறு. இருபது லக்ஷம் பேருள்ள ஜில்லாவுக்கு 120 ஆகிறது. நமக்கு அதில் பாதி என்றே வைத்து, வழியில் இறப்பவர்களையும் கழித்தாலும், ஓர் ஆஸ்பத்திரிக்குப் போதுமான வேலை இருக்கிறது. அதையே எட்டு நர்ஸிங் ஹோம்கள் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் கை பழகாது. தூரத்தைவிட இந்தச் சிதறலே பெரிய கெடுதல் என்பது என் அபிப்பிராயம். பிராந்தியத்துக்கு ஓரிடம், அங்கே இரவும் பகலும் ஸர்ஜனும், சுருள் வைக்கும் நிபுணரும், தீவிர சிகிச்சை வார்டும் இருக்கவேண்டும்.

மற்ற ஆஸ்பத்திரிகளின் வேலை கத்தியில்லாத வேலை. ஆனாலும் உயிர் பெரும்பாலும் அங்கேதான் தப்புகிறது அல்லது தவறுகிறது. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 482 நோயாளிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு முதலில் வியாதி தப்பாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது; ஒற்றைத் தலைவலி என்றும் மனக் கவலையால் வந்த வலி என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல நினைவோடு நடந்து வந்தவர்களுக்கே, அதாவது எளிதில் பிழைத்திருக்கக் கூடியவர்களுக்கே, இதனால் அதிக நஷ்டம்.

கனடாவில் 3,132 பேரைக் கொண்டு நடந்து 2011-இல் வெளியான ஆராய்ச்சி இன்னொன்றைக் காட்டிற்று. வலி கண்ட ஆறு மணி நேரத்துக்குள் ஸி.டி. படம் எடுத்தவர்களில் ஒரு கசிவுகூடத் தப்பவில்லை. நேரம் கடந்து எடுத்த படங்களில் சில தப்பின. அப்படிப்பட்டவர்களுக்கு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கவேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு ஸி.டி. யந்திரம் வந்துவிட்டது. நள்ளிரவில் அதை இயக்க ஆள் உண்டா, படத்தை உடனே டெலிபோன் மூலம் நிபுணருக்கு அனுப்புகிறார்களா என்று ஊர்ப் பெரியவர்கள் விசாரித்து வைத்துக்கொள்ளலாம். 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. அதில் ஏற்றும்போது வலி தொடங்கிய மணியைக் காகிதத்தில் குறித்துக் கொடுப்பது வீட்டார் வேலை.

புடைப்பை அடைத்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. நாலாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரை மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, கை கால் விழுந்துபோகலாம். இதனால் வரும் கெடுதலைக் குறைக்க நிமோடிபின் என்ற மாத்திரை உண்டு. விலை மதிப்பான யந்திரம் எதுவும் இதற்கு வேண்டாம். சாதாரண வார்டிலும் கொடுக்கலாம். ஆனால் 21 நாளைக்கு, நாலு மணிக்கொரு தரம், இரவு இரண்டு மணிக்கும் நோயாளியை எழுப்பி, இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, யாராவது கொடுத்தாக வேண்டும்.