22,000 ரூபாய்க்கு ஒரு பைலட் வாட்ச்: வாங்கலாமா, வேண்டாமா?

"சார், எஸ்.ஐ.பி. போயிட்டுதான் இருக்கு. ஒரு மெக்கானிக்கல் க்ரோனோகிராஃப் வாங்கினா தப்பா?" வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "தப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிக்க எனக்கு விருப்பமில்லை. வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எந்த வாட்ச்?

ஸ்விஸ் மெக்கானிக்கல் க்ரோனோகிராஃப்னா பெரும்பாலும் லட்சத்துக்கு மேலதான். குறைந்த விலையில எல்லாரும் தேடுறது சீனாவோட சீகல் 1963. அங்கே விமானப்படைக்காக வடிவமைச்ச கடிகாரத்தோட மறுபதிப்பு இது. 1961-ல, ஸ்விட்சர்லாந்தின் வீனஸ் 175 என்ற மூவ்மென்ட்டைத் தயாரிக்கிற இயந்திரங்களை தியான்ஜின் கடிகாரத் தொழிற்சாலை வாங்கியது. அதிலிருந்து வந்ததுதான் இன்றைய எஸ்டி19. அதே 1961-லதான் நம்ம எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்சது. எச்.எம்.டி.யும் 'பைலட்'னு ஒரு மாடல் விட்டது. ஆனா அது சாவி கொடுக்கிற சாதாரண வாட்ச், க்ரோனோகிராஃப் இல்லை.

எஸ்டி19-க்கும் தினமும் நாமதான் சாவி கொடுக்கணும். மறந்தா சுமார் 40 மணி நேரத்தில் நின்னுடும். ஒரு நாளைக்குச் சில நொடிகள் முன்னே பின்னே ஓடும். ஆயிரம் ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடத் துல்லியமா நேரம் காட்டும். அதனால இந்தப் பணத்தை நேரம் பார்க்கக் கொடுக்கலை, ரசனைக்குக் கொடுக்கிறோம். இதை முதல்லயே ஒத்துக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

உண்மையான செலவு

கைக்கு வந்து சேரும் விலை 22,000 ரூபாய்னு வச்சுக்குவோம். வெளிநாட்டிலிருந்து வரவழைச்சா சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி., கூரியர் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பாருங்க. வெப்சைட்டில் தெரியிற டாலர் விலை மட்டும் விலை இல்லை.

- வாங்கும் விலை: 22,000
- 5-வது வருஷம் சர்வீஸ் (ஒரு அனுமானம்): 7,000
- 10-வது வருஷம் விற்றால் கிடைப்பது (அனுமானம்): 8,000
- 10 வருஷ நிகரச் செலவு: 21,000. அதாவது மாசம் 175 ரூபாய்.

"அட, மாசம் 175 தானே!"ன்னு தோணுதா? அங்கேதான் மாட்டிக்கிறோம். எதை வேணும்னாலும் 120 மாசத்தால வகுத்தா சின்னதாத்தான் தெரியும். அதே 22,000 ரூபாய் 7% வட்டியில் 10 வருஷத்தில் சுமார் 43,000 ஆகும் (வரிக்கு முன்). 12% வளர்ச்சி கிடைச்சா சுமார் 68,000. அதுக்கு உத்தரவாதம் கிடையாது. வாட்ச் கட்டுற ஆசைக்கு நீங்க விட்டுக்கொடுக்கிறது இந்தத் தொகையைத்தான்.

"வாட்ச் ஒரு முதலீடு சார்!"

ரீல்ஸ்ல இப்படிச் சொல்றவங்க பேசுறது ரொம்ப அரிதான, விலை உயர்ந்த ஒரு சில மாடல்களைப் பற்றி. நம்ம பட்ஜெட் வாட்ச்சோட மதிப்பு, வாங்கிக் கட்டின நாளே இறங்க ஆரம்பிக்கும்.

வரிப் பக்கமும் தெரிஞ்சுக்கோங்க. சொந்த உபயோகத்துக்கான இந்த மாதிரி ஸ்டீல் வாட்ச், வருமான வரிச் சட்டப்படி 'தனிப்பட்ட உபயோகப் பொருள்'. லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டத்துக்கு வித்தா அதை வேற லாபத்தில் கழிக்கவும் முடியாது. தங்கம், வைரம் பதிச்ச வாட்ச்னா நகைக் கணக்கில் வரலாம், அது வேற கதை.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.?

பூஜ்ய வட்டித் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லயே ஏத்துக்கலை. இன்னைக்கு நடக்கிறது என்னன்னா, வங்கி வட்டி போடும், அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டுவாங்க. வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க தலையில். வட்டி 1,000 ரூபாய்னா வரி 180. பிராசஸிங் ஃபீ தனி. ரொக்கமா வாங்கினா கிடைக்கிற தள்ளுபடியும் போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி 5 கேள்விகள்

1. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இருக்கா?
2. கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்யமா? மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. அந்த பாக்கி இருக்கும்போது வாட்ச் பேச்சே வேண்டாம்.
3. கம்பெனி பாலிசி தவிர சொந்தமா ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கா?
4. உங்க ஊர்ல க்ரோனோகிராஃப் சர்வீஸ் பண்றவர் யாரு? சாதாரண வாட்ச் பழுது பார்க்கிற பல பேர் இதைத் தொட மாட்டாங்க. வெளிநாட்டு விற்பனையாளரோட வாரன்டின்னா, வாட்ச்சைத் திருப்பி அனுப்புற செலவு யாருடையதுன்னும் கேளுங்க.
5. விற்பனையாளர் நம்பகமானவரா? '1963' மாதிரியே டயல் வச்சு பல பேர் விக்கிறாங்க. பழைய எச்.எம்.டி. பைலட் வாங்கப் போனாலும் டயலை மறுபடி பெயின்ட் அடிச்ச பீஸ்கள் நிறைய.

அஞ்சுக்கும் பதில் திருப்தியா இருந்தா, எஸ்.ஐ.பி.யைத் தொடாம மாசம் 2,000 ரூபாய் தனியா ஆர்.டி.யில் போடுங்க. 11-வது மாசம் 22,000 கையில் இருக்கும். அப்பவும் ஆசை குறையலைன்னா தாராளமா வாங்குங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். நடுவுலயே ஆசை போயிடுச்சுன்னா, பணம் உங்ககிட்டயேதான் இருக்கு.

ஒண்ணு வாங்கினதும் ரெண்டாவது வாட்ச்சுக்கு மனசு தாவும். அப்பவும் இதே அஞ்சு கேள்வி, இதே 11 மாசம். உங்க கணக்கு எப்படி வருதுன்னு கமென்ட்ல எழுதுங்க.