கம்மாய் நீச்சலும் பந்தய நீச்சலும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். மணிக்குக் கணக்குப் போட்டால் எட்டு கிலோமீட்டர்கூட வராது. ஆலங்குடி சாலையில் சாவகாசமாக சைக்கிள் மிதிப்பவர் அவரை முந்திவிடுவார். குறை அவர் பலத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டித்தால் அது தரும் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதற்குத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு. கையை வேகமாக வீசியே ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர் பாதி தூரத்தில் களைத்துப்போவார்.

புதுக்கோட்டைப் பக்கம் கம்மாயிலும் கேணியிலும் நீந்திப் பழகியவர்களுக்குத் துணிச்சலுக்கும் மூச்சுக்கும் பஞ்சமில்லை. சுரைக்குடுக்கையோ வாழைத்தண்டோ கட்டிக்கொண்டு கற்றவர்கள் தலையைத் தூக்கி வைத்தே நீந்துவார்கள். கலங்கல் தண்ணீரில் அதுதான் புத்திசாலித்தனம். பந்தயத்துக்கு ஆகாது. காற்று நிறைந்த மார்பு மிதக்கும், கால்கள் கனமானவை. தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழ்ந்து, உடம்பு சாய்வாக நின்று தண்ணீரை மோதும். கடப்பாரை நீச்சல் என்று கேலி செய்கிறோமே, அதன் லேசான வடிவம்தான் இது.

அதனால் பயிற்சியாளர் முதலில் திருத்துவது தலையை. முகம் தண்ணீருக்குள், பார்வை குளத்தின் தரையில். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். உள்ளிழுக்க மட்டும் உடம்போடு சேர்ந்து தலை பக்கவாட்டில் திரும்பும், பாதி வாய் வெளியே தெரிந்தால் போதும். அடுத்தது கை. நீட்டிய கையைக் கீழே அழுத்தினால் உடம்பு மேலே எழும்புமே தவிர முன்னே போகாது. முழங்கையை உயரத்தில் வைத்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். கால் உதைப்பு சிறியதாக இருக்கட்டும். தொடைத் தசைகள் பெரியவை, ஆக்சிஜனை அள்ளிக் குடிப்பவை.

நுணுக்கத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் சாட்சி. 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரானார். தகுதி நேரம் 1:56.48. வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு! 50 மீட்டர் குளத்தில் அந்தப் பந்தயத்துக்கு ஒரு பாய்ச்சல், மூன்று திருப்பங்கள். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துவிட்டு 15 மீட்டர்வரை தண்ணீருக்கு அடியில் போக விதி இடம் தருகிறது. மேற்பரப்பில் அலை எழுப்புவதில் வீணாகும் சக்தி அடியில் மிச்சமாகும். திருப்பத்தைச் சோம்பலாகப் பழகுபவர் இந்தப் பத்தில் ஒரு பங்கைச் சுவரிலேயே தொலைத்துவிடுவார்.

பயிற்சி என்றால் மணிக்கணக்கில் ஒரே சீராக நீந்துவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது துண்டுதுண்டாக நடக்கிறது. 100 மீட்டர், சில விநாடி ஓய்வு, மறுபடியும் 100 மீட்டர், கண் சுவர்க் கடிகாரத்தில். தோள்பட்டை ஓயாமல் சுழல்வதால் அங்கேதான் காயம் வரும். தரையில் ரப்பர் பட்டையை இழுத்துத் தோளை உறுதியாக்குவதும் பயிற்சியில் சேர்த்தி. போட்டிக்குச் சில வாரம் முன்பிருந்து தூரத்தைக் குறைப்பார்கள். பெற்றோர் இதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. விடியற்காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம்; முடிந்ததும் இட்லியோ சோறோ, கூடவே முட்டை, பருப்பு, மீன். தசையில் தீர்ந்துபோன மாவுச்சத்தை நிரப்புவது முதல் தேவை. புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம்வரை போதும். நம் ஊர் நிலக்கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கும்போது, பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த புரத மாவு டப்பா எதற்கு? குளத்துக்குள்ளும் வியர்க்கும், நனைந்திருப்பதால் தெரியாது. ஆகவே கரையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

கடல் நீச்சலின் கணக்கு வேறு. கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் எதிரே விரிந்து கிடக்கும் பாக் கடலை 1966-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு மிஹிர் சென் நீந்திக் கடந்தார். 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போய்த் திரும்பியும் வந்தார். 1994-இல் 12 வயதுக் குற்றாலீசுவரன் கடந்தார். அங்கே வேகத்தைவிட நீரோட்டத்தைப் படிப்பதும், கூடவே வரும் படகைத் தொடாமலே அவ்வப்போது பானம் வாங்கிக் குடிப்பதும் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கு நீச்சல் போட்டி வைக்காதீர்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்கடியில் மயக்கம் வரும். நன்றாக நீந்துபவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். கம்மாயில் நன்றாக நீந்தும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து முறையான பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். முதல் சில மாதங்களுக்கு எத்தனை விநாடி என்று மட்டும் கேட்காதீர்கள்.