பரணும் மானின் மூக்கும்

சிங்கப்பூரில் காட்டு மான் இருக்கிறது என்று சொன்னால், தேக்காவில் எதிரே உட்கார்ந்து தே தாரிக் குடிப்பவர் சிரிப்பார். இருக்கிறது. மண்டாய் பக்கம் இரவில் டாக்சி ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கும் கடமானைப் பற்றி யாராவது ஒருவர் சொல்வார். நம் ஊர்ப்பக்கம் மிளா என்றும் சொல்கிற அதே மான்தான்.

சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வி வரும்: அதைக் கிட்டத்தில் வரவழைப்பது எப்படி? பரண் கட்டி உட்கார்ந்த வேட்டைக்காரர்களின் பழைய கேள்வியும் இதேதான். துப்பாக்கிக்காரனுக்கு நூறு மீட்டர் போதும். வில்காரனுக்கு மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அந்தி வெளிச்சத்தில் கேமரா பிடிப்பவரின் கஷ்டமும் வில்காரனின் கஷ்டம்தான். இங்கே வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் வேட்டைக்காரன் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் படம் எடுக்கப் பயன்படுத்திக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை.

முதலில் இந்த மான் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். இந்தத் தீவின் பழைய கடமான்கள், காடு அழிந்ததாலும் வேட்டையாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அற்றுப்போய்விட்டன. மண்டாயில் விலங்குத் தோட்டம் திறந்தது 1973-இல். அந்தப் பத்தாண்டில் அங்கிருந்து தப்பிய சில மான்களின் வம்சம்தான் இப்போது தீவின் நடுக்காட்டில் திரிவது. ஓடிப்போனவை நன்றாகவே குடும்பம் நடத்தியிருக்கின்றன. அந்தக் காட்டை ஒட்டிய விரைவுச்சாலைக்கு மேலே 2013-இல் ஒரு காட்டுப்பாலம், மண்டாய் லேக் சாலைக்கு மேலே 2019-இல் இன்னொன்று என்று விலங்குகள் கடப்பதற்கே பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாலையில் வண்டி மோதி மான் செத்ததும் மனிதர் காயப்பட்டதும் உண்டு.

இனி பரணுக்கு வருவோம். தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பரண் போட்டவர்கள் நாம். வேட்டைப் பரணும் உருவத்தில் அதேதான்: மரக்கிளையில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு தட்டு. ஏன் மேலே ஏற வேண்டும்? மானுக்கு ஆபத்து பெரும்பாலும் தரையிலிருந்துதான் வரும். அதனால் தன் மட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற அளவுக்கு அது அண்ணாந்து பார்ப்பதில்லை. இது பாதிக் காரணம். மீதிப் பாதியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம்.

மறைந்து உட்கார்வது என்றால் கண்ணுக்கு மறைவது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதனால்தான் படம் எடுக்கப் போகிறவர் முதல் வேலையாக இலை இலையாய் அச்சடித்த சட்டை வாங்குகிறார். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பளீரென்ற ஆரஞ்சு அங்கி போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். இன்னொரு வேட்டைக்காரன் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. அதற்காக மான்கள் ஓடிவிடுவதில்லை. நிறம் பிரித்துக் காட்டும் கூம்பணுக்கள் நம் கண்ணில் மூன்று வகை. மானின் கண்ணில் இரண்டே வகை. சிவப்பும் ஆரஞ்சும் அதற்குத் தனியாக எடுத்துத் தெரியாது. அசைவு மட்டும் உடனே தெரியும். கொசு அடிக்கத் தூக்கிய கை, எந்த நிறச் சட்டையை விடவும் பெரிய துரோகி.

அசையாமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாமா? இங்கேதான் மூக்கு குறுக்கே வருகிறது. மான் கண்ணால் கண்டதைச் சந்தேகப்படும். நின்று, கழுத்தை நீட்டி, இன்னொரு தடவை பார்க்கும். மூக்கில் பட்டதை அது சந்தேகப்படுவதே இல்லை. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலியை 1930-இல் சுவா சூ காங் பக்கம் சுட்டார்கள். புலி போய்விட்டது, புலிக் காலத்து மூக்கு போகவில்லை. அந்த மூக்குக்கு முன்னால் நாம் எதையெல்லாம் சுமந்துகொண்டு போகிறோம் பாருங்கள்: தலையில் தேங்காய் எண்ணெய், சட்டையில் சலவைத்தூள் வாசம், கையில் கொசு மருந்து, வழியில் சாப்பிட்ட மீ கோரெங். வீட்டிலேயே குளித்துவிட்டு வந்தேன் என்று சொல்லிப் பயனில்லை. சோப்பும் ஒரு வாசனைதான்.

வாசனையைக் கண்ணால் பார்க்க முடியாததுதான் நம் தொல்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடும்போது கவனித்திருப்பீர்கள். புகை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாது. ஒரு கயிறாகக் கிளம்பும், கதவு திறந்தால் அந்தப் பக்கம் வளையும், ஒரு மூலையில் போய்த் தேங்கும், இன்னொரு மூலையை எட்டியே பார்க்காது. நம் உடம்பிலிருந்து நாள் முழுக்க அப்படி ஒரு கயிறு போய்க்கொண்டே இருக்கிறது. அது போகிற பாதையும் மான் நடக்கிற பாதையும் எங்கே சந்திக்கின்றன என்பது மட்டும்தான் கேள்வி. உயரத்தில் உட்கார்ந்தால் அந்தக் கயிறு மானின் தலைக்கு மேலாகச் சிறிது தூரம் போய், பிறகுதான் இறங்கும். பரணின் மீதிப் பாதிக் காரணம் இதுதான்.

காற்று எப்படிப் போகும் என்று கணிக்கச் சிங்கப்பூரில் இரண்டு கணக்கு தெரிந்தால் போதும். பெரிய கணக்கு பருவக்காற்று: டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். சின்னக் கணக்குதான் காட்டுக்குள் அதிகம் செல்லுபடியாவது. வெயில் ஏறினால் சூடான காற்று மேட்டை நோக்கி ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் இறங்கி, நீர்த்தேக்கத்தின் பக்கமாக வழியும். ஆகவே காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் மோசமான இடமாகிவிடும். மழைக்கு முன் வரும் திடீர்க் காற்று இரண்டு கணக்கையும் கலைத்துவிடும். அன்றைக்கு வீட்டுக்குப் போவதே மேல். காற்றின் திசை பார்க்க வேட்டைக்காரர்கள் ஒரு சின்னக் குப்பியை அமுக்கி வாசனையில்லாத பவுடரைத் தூவிப் பார்ப்பார்கள். காட்டுக்குள் நெருப்பு கூடாது என்பதால் ஊதுபத்தி யோசனையை விட்டுவிடுவோம்.

திசை தெரிந்துவிட்டது. எங்கே உட்கார்வது? மானை நம்மிடம் கொண்டுவர முடியாது. அது எப்படியும் வரப்போகிற இடத்துக்கு நாம் முன்னாலேயே போய்ச் சேரலாம். பிளந்த குளம்புத் தடம், உருண்டைப் புழுக்கை, கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த இளமரம், சேற்றில் புரண்ட குழி: இவை நமக்கு வழி சொல்லும். கடமான் பகலில் அடர்ந்த காட்டில் படுத்துவிட்டு, அந்தியில் விளிம்புக்கு வந்து புல்லும் தளிரும் மேயும். அந்த விளிம்பில், அதன் தடத்தின் மேலேயே உட்காராமல், தடத்திலிருந்து நம்மை நோக்கிக் காற்று வரும்படி ஒதுங்கி உட்கார வேண்டும்.

இரை வைத்து இழுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இங்கே வேண்டாம். 2020 ஜூன் முதல் காட்டு விலங்குக்குத் தீனி போடுவது தீவு முழுக்கக் குற்றம். முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். வெறும் சட்டப் பயம் மட்டும் இல்லை. ரொட்டிக்குப் பழகிய மான் சாலைக்குப் பழகும். இயற்கையே வைத்த இரை ஒன்று உண்டு, அதைப் பார்க்க மலேசியாவின் தாமான் நெகாராவுக்குப் போக வேண்டும். மழைக்காட்டு இலைகளில் உப்புச்சத்து குறைவு. அதனால் மானும் தாபிரும் உப்பு ஊறிய மண்ணைத் தேடி வந்து நக்கும். அப்படிப்பட்ட உப்புமண் இடங்களைப் பார்த்தபடி கால்களின் மேல் நிற்கும் மரக்குடில்கள் கட்டியிருக்கிறார்கள். பும்புன் என்று பெயர். பும்புன் கும்பாங்கில் இரவு தங்கலாம். வேட்டைப் பரணில் துப்பாக்கியை எடுத்துவிட்டுப் படுக்கை போட்டால் அதுதான்.

ஓசை எழுப்பி அழைக்கிற வித்தை கடமானிடம் அவ்வளவாகப் பலிக்காது. முயல் அளவே உள்ள சருகுமான் வேறு ஜாதி. அது பின்னங்காலால் சருகின் மேல் படபடவென்று தட்டும் பழக்கம் உள்ளது. மலாய் வேட்டைக்காரர்கள் குச்சியால் அதே தாளத்தைத் தட்டி அதை வரவழைப்பார்கள். நம் நடுக்காட்டிலும் சருகுமான் இருக்கிறது. தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதை வீணாக அலைக்கழிக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல் நேரம். இயற்கை வனப்பகுதிகள் காலை 7 முதல் மாலை 7 வரைதான் திறந்திருக்கும். மானுக்குப் பொழுது விடிவதோ அதற்குப் பிறகு. ஆகவே நமக்குக் கிடைப்பது மாலையின் கடைசி ஒரு மணியும் காலையின் முதல் ஒரு மணியும்தான். மாலையில் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால் நாம் நடந்து வந்த அரவம் அடங்கவே நேரம் சரியாகிவிடும். ஐந்துக்கே வந்துவிடுங்கள். நடந்து வரும் பாதையும் மானின் தடத்தைக் குறுக்கே வெட்டக்கூடாது. காலடி விட்டுப்போன வாசனையும் வாசனைதான்.

இத்தனையும் செய்து, மான் வந்து, நாற்பது மீட்டரில் நின்று, முன்னங்காலைத் தரையில் ஓங்கி மிதித்து, வாலைத் தூக்கி, எக்காளம் போல் ஒரே ஒரு தடவை கத்தினால் வேலை முடிந்தது. நம்மை முகர்ந்துவிட்டது. அந்தக் குரல் சுற்றுவட்டாரத்து மான்களுக்கெல்லாம் கேட்டிருக்கும், அன்றைக்கு இனி எதுவும் வராது. மூட்டையைக் கட்டுங்கள். பவுடர் எந்தப் பக்கம் பறந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை தடத்தின் மறுபக்கத்தில் உட்காருங்கள்.