சோற்றை நிறுத்தினால் கட்டி கரையுமா?

"சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி, சோறே கொடுக்காதீங்க." கீமோ எடுப்பவர் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருபவர்களில் ஒருவராவது இதைச் சொல்லிவிட்டுப் போகிறார். நல்லெண்ணம்தான். ஆனால் அதை நம்பிப் பட்டினி போடுவது ஆபத்து.

புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சும் என்பது உண்மை. ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கண்டறிந்தார். பெட் ஸ்கேனும் அந்த இயல்பை வைத்துத்தான் கட்டியைக் காட்டுகிறது. அதே படத்தில் மூளையும் பளிச்சென்று ஒளிரும் என்பதை யாரும் சொல்வதில்லை. நாம் உண்ணாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை வற்றாது. கல்லீரல் தானே தயாரித்துக்கொள்ளும். அதற்காகத் தசை கரையும். கட்டி அப்படியே இருக்க, ஆள் இளைத்துப்போவார். உடல் தாங்காமல் கீமோவே தள்ளிப்போகவும் கூடும்.

மாவுச்சத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வேறு வழியில் வருகிறது. மிதமிஞ்சிய இனிப்பு உடற்பருமனைக் கூட்டுகிறது. பெருங்குடல், கருப்பை உட்படப் 13 வகைப் புற்றுநோய்களுக்குப் பருமனோடு தொடர்புண்டு என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது. ஒரு நாளின் சேர்க்கைச் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அந்த அமைப்பு. 300 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே ஏறத்தாழ 30 கிராம் போய்விடும். கேழ்வரகு, கம்பு, கொண்டைக்கடலையிலும் இருப்பது மாவுச்சத்துதான். கூடவே வரும் நார்ச்சத்து பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்து விலக்குவது அநியாயம்.

இந்தப் பயத்தைக் காசாக்குபவர்களும் இருக்கிறார்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பொடியோ லேகியமோ வாங்கி ஏமாந்திருந்தால் விளம்பரத்தின் படம், ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

சர்க்கரை நோய் இருந்தாலோ, ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டாலோ மாவுச்சத்தின் அளவு மாறும். அதை உணவியல் நிபுணர் சொல்லட்டும். அவரைப் பார்க்கவேண்டும் என்று மருத்துவமனையில் கேளுங்கள், தயங்காதீர்கள். வாய்க்குப் பிடிக்கவில்லையென்றால் இட்லி, கஞ்சி, நன்கு வெந்த முட்டை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 3 கிலோ குறைந்துவிட்டால், அடுத்த தேதிவரை காத்திராமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.