பத்து மீட்டர் பின்னால் போ!

1995 பிப்ரவரி 15, டப்ளின். லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் கால்பந்து ஆடுகின்றன. நட்பு ஆட்டம் என்று பெயர். 22-வது நிமிடத்தில் டேவிட் கெல்லி அயர்லாந்துக்கு ஒரு கோல் போட்டார். சற்று நேரத்தில் மேல்தளத்தில் இருந்த இங்கிலாந்து ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் வீச ஆரம்பித்தார்கள். இருக்கை, மரச்சட்டம், கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தது. 27-வது நிமிடத்தில் நிறுத்திய ஆட்டம் பிறகு தொடரவே இல்லை. அயர்லாந்தின் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன், 1966-ல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வென்று தந்த அணியில் இருந்தவர். தன் ஊர்க்காரர்களின் லட்சணத்தை எதிரணி பெஞ்சிலிருந்து பார்க்கவேண்டிய கொடுமை அவருக்கு.

அதே ஊர், அதே இரண்டு நாடுகள், 2007 பிப்ரவரி 24. இந்த முறை ரக்பி. லான்ஸ்டவுன் ரோடைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்ததால் ஆட்டம் க்ரோக் பார்க்குக்கு மாறியிருந்தது. க்ரோக் பார்க் என்பது கேலிக் கால்பந்து, ஹர்லிங் என்று அயர்லாந்துக்காரர்கள் தங்களுடையது என்று பொத்திவைத்திருக்கும் ஆட்டங்களின் கோயில். 1920 நவம்பர் 21 அன்று அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் புகுந்து சுட்டதில் 14 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவரான மைக்கேல் ஹோகன், களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். மைதானத்தின் ஒரு மாடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. கால்பந்துக்கும் ரக்பிக்கும் அங்கே இடமில்லை என்ற விதியை 2005-ல்தான் தளர்த்தினார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இங்கிலாந்து அணி வரிசையில் நிற்க, அதன் கீதமான 'காட் சேவ் தி குயின்' ஒலிக்கவேண்டும். என்ன ஆகுமோ என்று ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. எண்பதாயிரம் பேருக்குமேல் திரண்ட கூட்டம் மரியாதையோடு கேட்டது, முடிந்ததும் கைதட்டியது. பிறகு தங்கள் கீதம் ஒலித்தபோது ஜான் ஹேய்ஸ் என்ற அந்த ஆஜானுபாகுவான முன்வரிசை ஆட்டக்காரர் கண்ணீர் வழிய நின்றார். மரியாதை அதோடு சரி. அடுத்த 80 நிமிடங்களில் அயர்லாந்து 43-13 என்று இங்கிலாந்தைத் துவைத்துக் காயப்போட்டது. ரோனன் ஓகாரா மைதானத்தின் குறுக்கே உயர உதைத்த பந்தை, ஷேன் ஹோர்கன் அச்சு அசல் கேலிக் கால்பந்துப் பாணியில் எம்பிப் பிடித்து, கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்து 'ட்ரை' வைத்ததை இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதற்கு முன்கதை ஒன்றும் உண்டு. வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த 1972-ல் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்துவிட்டன. அடுத்த ஆண்டு இங்கிலாந்து வந்தது. களத்தில் இறங்கிய இங்கிலாந்து வீரர்களை எழுந்து நின்று, நிறுத்தாமல் கைதட்டி வரவேற்றது டப்ளின் கூட்டம். பிறகு 18-9 என்று தோற்கடித்தும் அனுப்பியது. அன்றிரவு விருந்தில் இங்கிலாந்து கேப்டன் ஜான் புல்லின், 'நாங்கள் ஒன்றும் பெரிய அணி இல்லைதான், ஆனால் வந்துசேர்ந்துவிடுகிறோமே' என்ற பொருளில் பேசப்போக, விருந்து மண்டபமே அதிர்ந்தது.

இந்தக் கதைகளைச் சொல்லிவிட்டு ரக்பி ரசிகர்கள் மீசையை முறுக்குவார்கள். 'கால்பந்து கனவான்களின் ஆட்டம், ஆடுவதென்னவோ முரடர்கள். ரக்பி முரடர்களின் ஆட்டம், ஆடுவதோ கனவான்கள்' என்று இங்கிலாந்தில் வழங்கும் பழைய வசனமும் உடனே வரும். இரண்டு ஆட்டங்களையும் விழுந்து விழுந்து பார்க்கும் எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அதில் இருப்பது பாதி பொய், பாதி சாதித் திமிர் மாதிரியான வர்க்கத் திமிர். டப்ளினில் ரக்பி, பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம். கால்பந்து தெருப் பிள்ளைகளுடையது. 1995-ல் இருக்கைகளைப் பெயர்த்ததற்குப் பின்னால் தீவிர வலதுசாரிக் கும்பல்கள் இருந்தன. அவர்கள் வருகிறார்கள் என்று எச்சரிக்கை வந்தும், உள்ளூர்க்காரர்களின் தலைக்கு மேலேயே அவர்களை உட்காரவைத்தார்கள். அதைக் கால்பந்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கனவான்களின் கதைக்கும் வருவோம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதுவது கல்கத்தா கோப்பைக்காக. நம் நாட்டு வெள்ளி ரூபாயில் செய்த கோப்பை அது. 1870-களின் இறுதியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப்பை மூடியபோது, வங்கியில் இருந்த வெள்ளி நாணயங்களை எடுத்து உருக்கிச் செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடியின் உச்சியில் யானை. 1988-ல் எடின்பரோ ஆட்டம் முடிந்த இரவு, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் போதையில் இந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்கள். ஜெஃப்ரிக்கு ஸ்காட்லாந்து ஆறு மாதத் தடை விதித்தது. ரிச்சர்ட்ஸுக்கு இங்கிலாந்து கொடுத்த தண்டனை ஒரே ஒரு ஆட்டம். ரிச்சர்ட்ஸ் அப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலை போலீஸ் வேலை!

அதே ரிச்சர்ட்ஸ் 2009-ல் லண்டன் ஹார்லெக்வின்ஸ் கிளப்பின் ரக்பி இயக்குநர். டப்ளினின் லெய்ன்ஸ்டருடன் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. வெளியே போன ஆட்டக்காரரை மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டுமானால், உள்ளே இருப்பவருக்கு ரத்தம் வழியவேண்டும் என்பது விதி. ஹார்லெக்வின்ஸின் டாம் வில்லியம்ஸ் சாயக் குப்பியைக் கடித்தார், வாயில் 'ரத்தம்' வழிந்தது, கண்ணடித்தபடி வெளியேறினார். எதிரணிக்குச் சந்தேகம் வந்ததும், உண்மைக் காயம் காட்டுவதற்காக உடைமாற்றும் அறையில் மருத்துவர் அவர் உதட்டைக் கீறினார். இத்தனை செய்தும் 6-5 என்று தோற்றார்கள். ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டுத் தடை. கால்பந்தில் பெனால்டி கேட்டு உருளுகிறவர்கள்கூட உதட்டைக் கிழித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் ரக்பி களத்தில் நடுவருக்கு முன்னால் அத்தனை அடக்கம் எங்கிருந்து வருகிறது? என் கட்சி இதுதான்: விதிப்புத்தகத்திலிருந்து. ஆட்டத்தைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். நடுவர் விசில் ஊதி பெனால்டி கொடுக்கிறார். தவறு செய்த அணியில் ஒருவர் கைகளை விரித்து ஏதோ முணுமுணுக்கிறார். நடுவர் வாக்குவாதம் செய்வதில்லை. பந்தை வைக்கும் இடத்தைப் பத்து மீட்டர் முன்னால் நகர்த்துகிறார், முணுமுணுத்தவரின் அணி அத்தனை பேரும் பத்து மீட்டர் பின்னால் போகவேண்டும். 50 மீட்டர் உதை 40 மீட்டர் உதையாகிறது. உதைப்பவர் கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் மூன்று புள்ளி. ஒரு முணுமுணுப்புக்கு மூன்று புள்ளி! அடுத்த முறை அவர் வாயைத் திறந்தால் அவருடைய கேப்டனே அடிக்க வருவார். நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும். நடுவரின் சட்டையில் மைக் இருப்பதால் பேச்செல்லாம் தொலைக்காட்சியில் நம் காதுக்கும் வந்துவிடுகிறது. 2015 உலகக் கோப்பையில், நியூகாசில் கால்பந்து மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் ஹாக் இடிபட்டதுபோல் விழுந்து காட்டினார். நடுவர் நைஜல் ஓவன்ஸ் அவரைக் கூப்பிட்டு, இப்படி விழ ஆசையென்றால் இரண்டு வாரம் கழித்து இதே இடத்துக்கு வந்து ஆடு என்று சொன்னதை உலகமே கேட்டுச் சிரித்தது.

கால்பந்தில் கத்துவதற்கு என்ன செலவு? ஒரு மஞ்சள் அட்டை வரலாம், வராமலும் போகலாம். ஏழு பேர் சூழ்ந்துகொண்டால் அடுத்த முடிவிலாவது நடுவர் கொஞ்சம் இறங்கிவருவார் என்ற நப்பாசைக்கு அது மலிவான விலை. இங்கிலாந்துக் கால்பந்தும் 2000-வாக்கில் அதேபோல் பத்து கஜத் தண்டனை ஒன்றைச் சோதித்துப் பார்த்துச் சில ஆண்டுகளில் கைவிட்டது. கேப்டன் மட்டுமே நடுவரை அணுகலாம் என்ற ஏற்பாடு 2024 யூரோ கோப்பைக்குத்தான் வந்துசேர்ந்தது. அந்தப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே ஆட்டக்காரர்கள்தான், நடுவரைச் சுற்றி மட்டும் கூட்டம் இல்லை.

ஆனால் ரக்பியின் விலைப்பட்டியல் இரக்கமற்றது. 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி க்ரீலைத் தலையில் இடித்ததற்காக முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார். தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரைகூட வைக்காமல், ஹாண்ட்ரே பொல்லார்ட் உதைத்த நான்கு பெனால்டிகளை வைத்தே 12-11 என்று கோப்பையைக் கொண்டுபோனது. எதிரணியின் தவறுகளை வைத்தே உலகச் சாம்பியன்!

அதைவிட என்னை உறுத்துவது 2011 உலகக் கோப்பை அரையிறுதி. ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் வேல்ஸுக்கும் பிரான்சுக்கும் ஆட்டம். தொடங்கி 20 நிமிடம்கூட ஆகவில்லை. வேல்ஸ் கேப்டன் சாம் வார்பர்ட்டன், 23 வயது, பிரான்சின் வின்சென்ட் க்ளெர்க்கைக் கட்டிப்பிடித்துத் தடுக்கிறார். கபடியில் இடுப்பைப் பிடித்துத் தூக்குவதுபோல ஒரு பிடி. க்ளெர்க்கின் கால்கள் மேலே போகின்றன, தலைப்பக்கம் தரையை நோக்கித் திரும்புகிறது. அந்த நிலையில் வார்பர்ட்டன் பிடியை விட்டுவிட்டார். நடுவர் ஆலன் ரோலண்ட் கையில் சிவப்பு அட்டை. வார்பர்ட்டன் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய் உட்கார்ந்து, மிச்ச ஆட்டம் முழுவதையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 14 பேரோடு ஆடிய வேல்ஸ் ஒரு ட்ரை வைத்தது. ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்காக உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நிமிடங்களில் லீ ஹாஃப்பென்னி மைதானத்தின் நடுவிலிருந்து உதைத்த பந்து, குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுக் கீழே செத்து விழுந்தது. 9-8, பிரான்ஸ். ரோலண்டை வேல்ஸ் ரசிகர்கள் பல ஆண்டுகள் திட்டித் தீர்த்தார்கள். அட்டை சரிதான் என்று பின்னாளில் சொன்னவர் வார்பர்ட்டன்.

இந்த வார்பர்ட்டனும் கால்பந்தின் கேரத் பேலும் கார்டிஃபில் ஒரே பள்ளியில், விட்சர்ச் உயர்நிலைப் பள்ளியில், ஒரே வகுப்பாண்டில் படித்தவர்கள். மற்ற பிள்ளைகள் தாக்குப்பிடிக்கட்டும் என்று பேல் இடது காலால் ஆடக்கூடாது, பந்தை ஒரு முறைதான் தொடலாம் என்று உடற்பயிற்சி ஆசிரியர் கட்டுப்பாடு போட்டது வேல்ஸில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கொஞ்ச நேரத்தில் அந்தரத்தில் தலைகீழாகப் புரண்டு அடித்தாரே ஒரு கோல், அந்தக் கோலுக்காக அவருடைய எந்தக் குறும்பையும் மன்னிக்கலாம். அடுத்த ஆண்டே 'வேல்ஸ், கோல்ஃப், மாட்ரிட், இதே வரிசையில்' என்று எழுதிய கொடிக்குப் பின்னால் நின்று ஆடி, சம்பளம் கொடுக்கும் ரியல் மாட்ரிட்டின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். வார்பர்ட்டன், பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணிக்கு இரண்டு முறை கேப்டனாக இருந்து, 29 வயதில் உடம்பு உடைந்து ஓய்வு பெற்றார். யார் ஒழுக்கமானவர் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். யார் ஆட்டத்தைப் பார்க்க டிக்கெட் வாங்குவாய் என்று கேட்டாலும் யோசிக்க மாட்டேன், பதில்தான் வேறு.

ரக்பிக்கு இங்கே ஒரு நோய் இருக்கிறது. அடக்கத்தை ஆராதித்து ஆராதித்து, திறமை சற்று எகிறி நடந்தாலே கத்திரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். 2008-ல் டேனி சிப்ரியானிக்கு 20 வயது. ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு முன் இரவு விடுதி வாசலில் தென்பட்டார் என்று இங்கிலாந்து அணியிலிருந்து தூக்கினார்கள். நண்பர்களுக்கு டிக்கெட் கொடுக்கப் போனேன் என்றார் அவர். அவர் இல்லாமல் அந்த ஆட்டத்தில் தோற்ற இங்கிலாந்து, அடுத்த வாரம் அவரை இறக்கி அயர்லாந்தை 33-10 என்று அடித்தது. அப்படியிருந்தும் அவர் வாழ்நாளில் இங்கிலாந்துக்கு ஆடியது 16 ஆட்டங்கள். காயங்களும் அவருடைய சேட்டைகளும் காரணம்தான். ஆனால் கோப்பையைத் தெருவில் உதைத்த போலீஸ்காரருக்கு ஒரே ஆட்டத் தடை என்பதையும் நான் மறக்கவில்லை.

இப்போது ரக்பி தன் விலையையே குறைக்கத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் 2025-ல் '20 நிமிடச் சிவப்பு அட்டை' வந்துவிட்டது. வேண்டுமென்றே தாக்கியதாக இல்லாவிட்டால், வெளியேறியவருக்குப் பதில் 20 நிமிடம் கழித்து இன்னொருவர் இறங்கலாம். ஆட்டம் சுவாரசியம் கெடாமல் இருக்கவேண்டும், டிக்கெட் வாங்கியவர் ஏமாறக்கூடாது என்பது வாதம். இந்த விதி 2011-ல் இருந்திருந்தால் முதல் பாதி முடியும் முன்பே வேல்ஸ் மறுபடி 15 பேர் ஆகியிருக்கும், அநேகமாக இறுதியாட்டத்துக்கும் போயிருக்கும். அன்று வேல்ஸுக்காகப் பதறியவன்தான் நானும். ஆனாலும் இந்தப் புதுச் சலுகை எனக்குப் பிடிக்கவில்லை. தலைகீழாகப் போன க்ளெர்க்கின் கழுத்து முறிந்திருந்தால், 20 நிமிடம் கழித்து யாரை இறக்கியிருப்பார்கள்?