நம்ம நிறத்தில் ஒரு கதாநாயகி



சாயங்காலம் ஆனால் நம்ம ஊரில் பாதி வீட்டில் சீரியல் சத்தம்தான். அந்தப் பெட்டிக்குள் வரும் முகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கதையில் அவள் தக்காளிக் கூடை தூக்குகிற வீட்டுப் பெண்ணாக இருப்பாள். முகம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். பாலக்கோடு வெயிலில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்!

இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் ஒருவர் கேப்ரியல்லா செல்லஸ். 2019இல் வந்த 'ஐரா' படத்தில் நயன்தாராவுக்கு இரண்டு வேடம். அதில் பவானி என்பவள் கருப்பு நிறப் பெண். பவானியின் இளவயதுப் பகுதியில் நடித்தவர் கேப்ரியல்லா. பவானி வளர்ந்ததும் அந்த இடத்துக்கு நயன்தாரா வந்துவிடுகிறார், முகத்துக்குக் கருப்பு மேக்கப் போட்டுக்கொண்டு. நயன்தாரா நன்றாக நடிப்பவர்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கருப்புப் பெண் கதைக்குக்கூட பெரியவளானால் நிஜக் கருப்பு போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா?

தெலுங்கில் 'கார்த்திக தீபம்' என்ற சீரியல் 2017 முதல் ஓடியது. அதன் கதாநாயகி பிரேமி விஸ்வநாத்தும் மேக்கப் போட்டுத்தான் கருப்பானார். அதே கதை தமிழில் 2019இல் விஜய் டிவியில் 'பாரதி கண்ணம்மா'வாக வந்தது. கண்ணம்மாவாக நடித்தவர் ரோஷினி ஹரிப்பிரியன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு நடந்துகொண்டே இருந்ததை மீம்ஸ் போட்டே தமிழ்நாடு முழுக்கப் பரப்பினார்கள்.

2021 பிப்ரவரியில் சன் டிவியில் 'சுந்தரி' தொடங்கியது. இந்த முறை கேப்ரியல்லாதான் கதாநாயகி. கலெக்டர் ஆக ஆசைப்படும் கிராமத்துப் பெண். கட்டினவனுக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை, வேறொருத்தியையும் கட்டிக்கொள்கிறான். அவள் அழுதுகொண்டே உட்காராமல் படிக்கிறாள். இரண்டு பாகமாக 2024 வரை ஓடிய தொடர் இது. எங்க ஆயா ஒருநாள்கூட விட்டதில்லை. "இவதான்டி நம்ம வூட்டுப் புள்ள மாதிரி இருக்கறா" என்று சொல்லும்.

அமெரிக்காவில் இந்த மாதிரித் தொடர்கள் பெரும்பாலும் பகலில்தான் வரும். சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்து வளர்த்ததால் அவற்றுக்கு 'சோப் ஓபரா' என்று பெயர். நம்ம ஊரில் சீரியலுக்கு நடுவே சிவப்பழகு க்ரீம் விளம்பரம் வந்த மாதிரி! அங்கே 1968இல் 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரில் எல்லன் ஹாலி என்ற கருப்பின நடிகை வந்தார். அவர் சிக்கல் வேறு மாதிரி. இனத்தால் கருப்பர், ஆனால் வெளிர் நிறம். அதனால் கருப்பர் வேடமும் கிடைக்கவில்லை, வெள்ளையர் வேடமும் கிடைக்கவில்லை. இதைப் பற்றி அவரே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த தொடரின் கதாசிரியர் ஆக்னஸ் நிக்சன் அவரைக் கூப்பிட்டு வாய்ப்புக் கொடுத்தார். வேடம் என்ன தெரியுமா? தன் இனத்தை மறைத்து வெள்ளைக்காரியாக வாழும் பெண்! புகழ் கிடைத்தது. ஆனால் வெள்ளை நடிகர்களை விடக் குறைந்த சம்பளமே தந்தார்கள் என்று பிற்காலத்தில் தன் வரலாற்று நூலில் எழுதினார். பிறகு ஒரு நூலகத்தில் வேலை பார்த்தார். 2023இல் 92 வயதில் இறந்தார்.

எல்லனுக்கும் சரி, கேப்ரியல்லாவுக்கும் சரி, பேர் வாங்கித் தந்த வேடம் நிறத்தைப் பற்றிய வேடம்தான். கருப்பாக இருப்பவள் கதாநாயகி ஆகலாம், ஆனால் கதை அவள் கருப்பைப் பற்றியதாக இருக்க வேண்டுமாம். வெள்ளையாக இருக்கும் நாயகிக்கு இப்படி நிபந்தனை ஏதும் கிடையாது. அவள் டாக்டராகலாம், போலீஸாகலாம், பேயாகக்கூட வரலாம்; ஏன் வெள்ளையாக இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

நான் நல்ல கருப்பு. நாடகம் என்று வந்தால் எனக்குத் தோழி வேடம், இல்லாவிட்டால் கிழவி வேடம். இந்த ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு ஔவையார், அதியமான் நாடகம் போடுகிறது. தகடூர் அதியமான் நம்ம ஊர்க்காரர்தானே, வெயிலில் போர் செய்தவர் என்ன நிறத்தில் இருந்திருப்பார்? அதியமான் வேடத்துக்கு என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வசனம் முழுக்க மனப்பாடம். பவுடர் டப்பா வேண்டாம் என்றும் கீழே எழுதியிருக்கிறேன்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி